பூச்சுக்குள் மறைகிற வேலை

யாழ்ப்பாணத்தில் எந்த ஒழுங்கைக்குள் திரும்பினாலும் இது கண்ணில் படும். கீழ்வீடு மட்டும் கட்டி முடித்த ஒரு வீடு. மேலே தட்டையான கொங்கிறீற் கூரை. கூரையின் மூலைகளில் நாலு நாலு கம்பிகள் வானத்தைப் பார்த்தபடி நிற்கும். பிறகு காசு வந்தால் மேல்மாடி எழுப்பலாம் என்று விட்டுவைத்தவை. சிலர் அந்தக் கம்பிகளின் மேல் பிளாஸ்ரிக் போத்தலைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். பலர் அதுவும் செய்வதில்லை. பத்துப் பதினைந்து வருடம் உப்புக் காற்றில் நின்று கறள் ஏறி, கையால் தொட்டால் தகடு தகடாக உரியும். அந்த வீட்டுக்காரரின் மகன் ஒருநாள் கனடாவிலிருந்து கோல் எடுப்பார். "அண்ணை, கம்பியெல்லாம் விட்டுத்தான் கிடக்கு. மேல ஒரு மாடி ஏத்த எவ்வளவு முடியும்?"

என்னுடைய வேலை அநேகமாக இப்படித்தான் தொடங்கும். நான் கட்டமைப்புப் பொறியியல் படித்தவன். இப்போது எந்த நிறுவனத்திலும் சம்பளத்துக்கு இல்லை. கணக்கும் வரைபடமும் நானே செய்கிறேன். பாதிக்கு மேற்பட்ட நேரங்களில் வேலையையும் நானே கொந்தராத்து எடுத்துச் செய்கிறேன். என்னைப்போல் பலர் குடாநாட்டில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு நாங்கள் எஞ்சினியர், கடைக்காரருக்குக் கொந்தராத்துக்காரர். இந்த இரண்டும் ஒரே ஆளாக இருப்பதில் வீட்டுக்காரருக்கு ஒரு வசதி இருக்கிறது, அதே இடத்தில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. அந்த ஆபத்தைப் பற்றி நாங்கள் வெளியில் பேசுவது குறைவு. பேச வேண்டும் என்று நினைப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் முன்பு வீடு கட்ட எஞ்சினியர் தேவைப்பட்டதில்லை. நாற்சார் வீட்டைப் பாருங்கள். சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய தடித்த சுவர், அதன் மேல் வைரமேறிய பனைமரச் சிலாகை, அதன் மேல் ஓடு. பாரம் முழுவதும் சுவர் வழியாகத் தரைக்கு இறங்கும். அனுபவப்பட்ட மேசனும் தச்சனும் இருந்தால் போதும். எங்கே எத்தனை முழம் தடிப்பு வேண்டும் என்பது அவர்களின் கையில் இருந்தது. தூணும் பீமும் சிலாப்பும் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. கொங்கிறீற் சட்டகத்தில் பலம் உள்ளே கிடக்கிற கம்பியில் இருக்கிறது. கொங்கிறீற் போட்டு மூடிய பிறகு அதை யாரும் பார்க்க முடியாது. கண்ணால் பார்த்து வேலை செய்கிற மேசனின் அறிவு அந்த இடத்தில் நின்றுவிடுகிறது.

அந்த இடத்தில் எஞ்சினியர் வந்து நின்றிருக்க வேண்டும். வரவில்லை, அதற்குக் காரணம் உண்டு. 1950இல் காங்கேசன்துறையில் சீமெந்து ஆலை தொடங்கியது. குடாநாட்டுச் சுண்ணக்கல்லில் இருந்தே சீமெந்து செய்தார்கள். பேராதனையிலும் பிறகு மொறட்டுவையிலும் படித்த எங்கள் பிள்ளைகள் அரசாங்கத் திணைக்களங்களுக்குப் போனார்கள், 1983க்குப் பிறகு வெளிநாட்டுக்குப் போனார்கள். 1990இல் ஆலை நின்றது. அதே ஆண்டில் போர் திரும்பத் தொடங்கியதும், வடக்குக்குக் கொண்டுவரத் தடைசெய்த பொருள்களில் சீமெந்தும் ஒன்றானது. அந்த வருடங்களில் கட்டிய மதில்களையும் அறைகளையும் இப்போது இடிக்கும்போது, இடிந்த வீட்டில் இருந்து நிமிர்த்தி எடுத்த பழைய கம்பிகளும் மண் கலந்த சாந்தும் வரும். 1995 இடப்பெயர்வு. 2002இல் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை திறந்தது, 2006 ஆவணியில் மூடியது. 2009 வரை சீமெந்தும் கம்பியும் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தன. இருபது வருடமாக ஒரு ஊரில் கொங்கிறீற் வேலை விட்டுவிட்டு நடந்தால், தொழில் படிக்க வேண்டிய ஒரு தலைமுறை மேசன்மார் அதைச் சரியாகப் படிக்க முடியாமல் போகும். அது அவர்களுடைய குற்றமில்லை.

அப்புறம் 2009க்குப் பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கட்டத் தொடங்கினார்கள். வெளிநாட்டுக் காசு ஒரு பக்கம். மறுபக்கம் இந்திய வீட்டுத் திட்டம் வந்தது. மொத்தம் 50,000 வீடுகள். அவற்றில் பெரும்பாலானவற்றில் ஒரு குடும்பத்துக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் கட்டம் கட்டமாகக் கொடுத்து, வீட்டுக்காரரே முன்னின்று கட்டுகிற முறை. அந்தத் திட்டம் ஏராளமான குடும்பங்களுக்குக் கூரை கொடுத்தது. கூடவே ஒரு பழக்கத்தையும் கொடுத்தது என்று நினைக்கிறேன். வீட்டுக்காரர் தானே சாமான் வாங்குவார், மேசனுடன் கூலி மட்டும் பேசுவார், அத்திவாரம், கதவு யன்னலுக்கு மேல் வருகிற லின்ரல் மட்டம், கூரை என்று படிப்படியாகக் காசு கொடுப்பார். சின்ன வீட்டுக்கு அது நல்ல முறை. அதே முறையை அப்படியே மூன்று மாடிக் கடைத்தொகுதிக்கும் மண்டபத்துக்கும் கொண்டுபோனபோதுதான் பிரச்சினை வந்தது.

நாங்கள் நுழைந்தது அந்த இடைவெளியில்தான். கொழும்பிலோ கட்டாரிலோ நாலைந்து வருடம் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவர்கள், கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் தொடங்கிய பிறகு அங்கே படித்து வெளியேறியவர்கள், திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். ஆளுக்கு ஒரு மடிக்கணினி, ஒரு மோட்டார் சைக்கிள், தெரிந்த இரண்டு மேசன்மார். தொடங்க அவ்வளவுதான் தேவைப்பட்டது.

நிலத்தில் இருந்து தொடங்குகிறேன்

எங்கள் மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணக்கல். வலிகாமத்தின் செம்மண் பக்கங்களில் சில காணிகளில் ஓரிரு அடியிலேயே பாறை தட்டும். வீட்டுக்காரருக்குச் சந்தோஷம். "பாறை வந்திட்டுது தம்பி, இனி என்ன?" என்பார். பெரும்பாலும் அவர் சொல்வது சரி. ஆனால் சுண்ணக்கல் தண்ணீரில் கரைகிற கல். உள்ளே பொந்துகள் இருக்கும். நிலாவரைக் கிணற்றின் ஆழத்தைப் பற்றிச் சின்ன வயதில் கேட்ட கதைகளை நினைத்துப் பாருங்கள். அந்தக் கிணறே நிலத்துக்குக் கீழே கல் கரைந்து உண்டான பள்ளம்தான். அதனால் பெரிய தூண் வருகிற இடங்களில் பாதக்கிடங்கு, அதாவது தூணின் அடிப்பாதம் வார்க்கிற கிடங்கு, வெட்டியபின் அலவாங்கால் தட்டிப் பார்ப்பேன். நல்ல கல் 'ணங்' என்று கைக்குத் திருப்பி அடிக்கும். பொந்து இருந்தால் சத்தம் மந்தமாக வரும். மூன்று நாலு மாடி என்றால் இது போதாது, துளையிட்டுப் பார்த்தே ஆக வேண்டும். ஒரு மாடி வீட்டுக்கு அலவாங்கு பெரும்பாலும் உண்மை சொல்லும்.

நகரத்தின் கடற்கரைப் பக்கம் வேறு கதை. நாவாந்துறை, குருநகர் பக்கங்களில் நிரவிய நிலம் இருக்கிறது. எதை வைத்து எப்போது நிரவினார்கள் என்பதை வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். வடமராட்சி கிழக்குப் பக்கம் முழுக்க மணல்.

எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத ஒரு விசயம் எங்கள் நிலத்தில் இருக்கிறது. பங்கர். போர்க் காலத்தில் பங்கர் வெட்டாத வளவு குறைவு. ஆளுயரக் கிடங்கு, மேலே பனங்குற்றி, அதன் மேல் மண்மூட்டை. சண்டை முடிந்த பிறகு குப்பையையும் மண்ணையும் போட்டு மூடிவிட்டார்கள். பத்து வருடத்தில் புல் முளைத்து அடையாளமே இருக்காது. வலிகாமம் வடக்கில் விடுவிக்கப்பட்ட ஒரு காணியில் கட்டிய வீட்டில் ஒரு மூலைச் சுவர் மட்டும் படிப்படியாக வெடித்துக்கொண்டு போகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். வெடிப்பு சாய்வாக, கீழே மெல்லிசாக, மேலே அகலமாக இருந்தது. மூலை இறங்குகிறது என்று அர்த்தம். அந்த மூலையில் தோண்டினோம். நாலடியில் உக்கிப்போன பனங்குற்றி வந்தது. அதற்குக் கீழே அலவாங்கு தானாகவே இறங்கியது.

அதற்குப் பிறகு நான் எந்தக் காணிக்குப் போனாலும் முதலில் தேடுவது பக்கத்து வீட்டு ஆச்சியை. "ஆச்சி, இந்த வளவுக்குள்ள பங்கர் எங்க இருந்தது? கிணறு ஏதும் மூடினவையே?" என்று கேட்பேன். அவர் வாசலில் நின்று கையைக் காட்டுவார். "உந்தப் பிலா மரத்துக்கு இஞ்சால." இதைவிட மலிவான, இதைவிடப் பயனுள்ள மண் பரிசோதனை எனக்குத் தெரியாது. இன்னும் பத்துப் பதினைந்து வருடத்தில் அந்த ஆச்சிமார் இருக்கமாட்டார்கள் என்பது எனக்கு உண்மையான கவலை. ஒவ்வொரு பிரதேச சபையும் இதை இப்போதே கேட்டுக் காணி வரைபடத்தில் குறித்து வைக்கலாம்.

உப்பு

குடாநாட்டில் கருங்கல் இல்லை. சல்லி வன்னியிலிருந்து லொறியில் வரவேண்டும். மணலுக்கு இரண்டு வழி. வன்னிப் பக்கத்து ஆற்று மணல், அல்லது மணற்காடு, அம்பன், நாகர்கோவில் பக்கத்து மணல். பின்னது அள்ள அனுமதி வேண்டும், கொண்டுவரவும் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் இரவில் வருகிற மணல் எவ்வளவு என்று ஊருக்குத் தெரியும். அந்த மணற்குன்றுகள் கடலுக்கும் ஊருக்கும் நடுவே இருக்கிற அணை. அதை அள்ளி வீடு கட்டுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. அதைத் தள்ளி வைத்துவிட்டு வெறும் கட்டட வேலையாகப் பார்த்தாலும், கரைக்கு அருகில் அள்ளிய மணலில் உப்பு இருக்கும்.

உப்பு என்ன செய்யும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாழ்ப்பாணத்துக் கட்டடங்களை மெல்ல மெல்லக் கொல்வது அதுதான். புதுக் கொங்கிறீற்றுக்குள் கம்பிக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. சீமெந்தின் காரத்தன்மை கம்பியின் மேல் மிக மெல்லிய ஒரு படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும், அது இருக்கும்வரை கறள் வராது. உப்பில் உள்ள குளோரைட் அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். துளைத்த இடத்தில் கறள் தொடங்கும். கறள் ஏறிய இரும்பு முன்னிருந்ததைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். கொங்கிறீற்றுக்குள் அதற்கு இடம் இல்லை, ஆகவே கொங்கிறீற்றைப் பிளந்துகொண்டு வெளியே வரும். கம்பி ஓடுகிற நேர்கோட்டிலேயே நீளமாக ஒரு வெடிப்பு, பிறகு பழுப்பு நிறக் கசிவு, பிறகு ஒருநாள் சிலாப்பின் அடிப்பக்கம் பொருக்காக விழும். மேசன் பூசி மறைப்பார். இரண்டு மாரி கழித்துத் திரும்பவும் விழும்.

உப்பு மணலோடு மட்டும் வருவதில்லை. உவர்த் தண்ணீரில் கொங்கிறீற் குழைத்தால் வரும். நல்ல தண்ணீரில் குழைத்துவிட்டு, பிறகு ஈரம் காக்க வளவுக் கிணற்றின் உவர்த் தண்ணீரை ஊற்றினாலும் வரும். கடற்காற்றோடு வரும். இதற்கு மருந்து புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை: நல்ல தண்ணீர், கழுவிய மணல், இறுக்கமான கொங்கிறீற், கம்பிக்கு வெளியே போதிய தடிப்பு. உள்ளூருக்குள் 25 மில்லிமீற்றர் மூடல் போதும் என்றால், கடலோரத்தில் 40க்குக் குறைய விடமாட்டேன். அந்தத் தடிப்பைக் காக்கக் கம்பிக்குக் கீழே வைக்கிற சின்னச் சீமெந்துக் கட்டிகளை வேலை தொடங்குவதற்கு ஒரு கிழமை முன்னமே வார்த்து, தண்ணீருக்குள் போட்டு வைப்பேன். பல இடங்களில் அதற்குப் பதிலாக ஒரு சல்லித் துண்டைச் செருகிவிடுவார்கள். மேலே ஆள் நடந்ததும் சல்லி புரளும், கம்பி பலகையில் படுத்துவிடும். பலகை கழற்றும்போது சிலாப்பின் அடியில் கம்பி கோடு கோடாகத் தெரிந்தால் அதுதான் காரணம். அதற்கு மேல் பூச்சு போட்டால் யாருக்கும் தெரியாது.

இப்போது கனடாவில் இருந்து கோல் எடுத்தவருக்கு என்ன பதில் என்று பார்ப்போம். மேலே நிற்கிற கம்பி 12 மில்லிமீற்றர் என்று அவர் சொல்வார். கம்பித் தூரிகையால் கறளைத் தேய்த்து அளந்தால் 10 வரும். பார்வைக்குச் சின்ன வித்தியாசம். பரப்பளவில் 30 சதவீதம் போய்விட்டது, பலமும் அவ்வளவு போயிருக்கும். அதைவிட முக்கியமான கேள்வி கீழே இருக்கிறது. அந்தத் தூண் மண்ணுக்குள் எந்த அளவுப் பாதத்தில் நிற்கிறது? அன்றைக்கு அத்திவாரம் போட்டவர் மேல்மாடியை நினைத்துப் போட்டாரா, அல்லது கம்பியை மட்டும் மேலே விட்டாரா? 1,000 சதுர அடி, ஐந்து அங்குலத் தடிப்பில் ஒரு சிலாப் ஏறத்தாழ 28 தொன். அதற்கு மேல் சுவர், தளக்கல், தண்ணீர்த் தாங்கி, மனிதர்கள். வரைபடம் யாரிடமும் இருக்காது. ஆகவே ஒரு பாதத்தையாவது தோண்டிப் பார்க்காமல் நான் பதில் சொல்வதில்லை. ஒரு நாள் வேலை, இரண்டு ஆட்களின் கூலி. "சும்மா பாக்கிறதுக்கு ஏன் காசு?" என்று கேட்பார்கள். அந்தப் பார்வைக்குத்தான் காசு என்று சொல்லி வாங்க எனக்கு ஆறு வருடம் பிடித்தது.

சதுர அடி

யாழ்ப்பாணத்தில் கட்டட வேலை சதுர அடியில் பேசப்படுகிறது. "சதுர அடி என்ன விலைக்குச் செய்வியள்?" முதல் கேள்வியும் அதுதான், பலருக்குக் கடைசிக் கேள்வியும் அதுதான். இரண்டு பேர் விலை சொன்னால் குறைந்தவருக்கு வேலை. இதில் யாரையும் குறை சொல்ல மாட்டேன், காசு கொடுப்பவர் ஏதோ ஓர் அளவுகோலைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் சதுர அடி விலைக்குள் தளக்கல் தெரியும், கதவு தெரியும், வர்ணம் தெரியும். பாதம் எவ்வளவு ஆழம், நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிற வளையக் கம்பி எத்தனை அங்குலத்துக்கு ஒன்று, இரண்டு கம்பி சேருகிற இடத்தில் ஒன்றோடு ஒன்று சேர்ந்து கிடக்கிற ஒட்டுநீளம் எவ்வளவு என்பது தெரியாது. விலையைக் குறைக்க வேண்டிய நேரத்தில் முதலில் குறைவது தெரியாத பக்கம்தான்.

நான் மேலே சொன்ன ஆபத்து இதுதான். வரைபடக் கணக்குக்கு யாழ்ப்பாணத்தில் தனிக் கட்டணம் கொடுக்கிற வழக்கம் இன்னும் வரவில்லை. "வேலையை உங்களிட்டத்தானே தாறம், பிளானுக்கும் காசோ?" என்பார்கள். அப்படியானால் என் உழைப்புக்கான காசு கொந்தராத்து இலாபத்துக்குள்தான் இருக்க வேண்டும். கம்பி எத்தனை என்று தீர்மானிப்பவன் நான். கம்பி வாங்கக் காசு கொடுப்பவனும் நான். ஒவ்வொரு கம்பியும் என் சட்டைப்பையில் இருந்து போகிறது. பெரிய இடங்களில் வடிவமைப்பவர் ஒருவர், கட்டுபவர் ஒருவர், மேற்பார்க்கிறவர் ஒருவர் என்று பிரித்திருப்பதற்குக் காரணம் மனிதர் கெட்டவர் என்பதில்லை. களைத்துப்போன ஒரு நாளில், கடைக்காரர் கடனைக் கேட்கிற ஒரு நாளில், தனக்குச் சாதகமாகக் கணக்கைத் திருப்பிப் போடுகிற ஆசை யாருக்கும் வரும். எனக்கும் வந்திருக்கிறது.

அப்படி வந்தது 2022இல். அதற்கு முந்திய வருடம் ஒரு வீட்டுக்கு நிலையான விலை பேசி எழுதியிருந்தேன். அப்போது 50 கிலோ சீமெந்துப் பை ஆயிரம் ரூபாய் அளவில் இருந்தது. டொலர் எகிறியது, இறக்குமதி நின்றது, பை விலை மாதத்துக்கு மாதம் ஏறி மூவாயிரத்தைத் தொட்டது. கம்பி அதற்குச் சளைக்கவில்லை. டீசல் இல்லாததால் சல்லி லொறிகள் வரிசையில் நின்றன. விலை ஏறினால் என்ன செய்வது என்று ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. அரசாங்க ஒப்பந்தங்களில் விலை மாற்றத்துக்கு என்றே சூத்திரம் உண்டு. ஒரு வீட்டுக்காரருக்கும் எனக்கும் இடையில் இரண்டு பக்கக் கடதாசி மட்டும்தான். அந்த வீட்டின் மேல்தளக் கம்பிக் கணக்கை நான் மூன்று இரவு திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குறைக்க ஏதும் வழி இருக்கிறதா என்று தேடினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. கடைசியில் வீட்டுக்காரரிடம் போய் இருந்து பேசினேன். அவர் ஒரு பங்கை ஏற்றார், மிச்சம் என் நட்டம். அந்தக் கடனை அடைக்க இரண்டு வருடம் எடுத்தது. இப்போது எழுதுகிற ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் சீமெந்து, கம்பி இரண்டுக்கும் அன்றைய விலையைக் குறித்து, பத்து சதவீதத்துக்கு மேல் மாறினால் வித்தியாசம் வீட்டுக்காரருடையது, குறைந்தாலும் அவருக்கே என்று எழுதுகிறேன். இன்னும் நல்லது, இந்த இரண்டையும் வீட்டுக்காரரே நேரே வாங்கிக் கொடுப்பது. அப்போது கம்பியைக் குறைப்பதால் எனக்கு ஒரு சதமும் வராது. என் மனம் நேராக நிற்க இதைவிட நல்ல வழி நான் காணவில்லை.

அரசாங்க வேலை எடுக்கலாமே என்று கேட்பார்கள். எடுக்கலாம். 'சீடா' என்று நாங்கள் சொல்கிற நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகார சபையில் பதிய வேண்டும். 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த சபை, அதற்கு முன் 'இக்ராட்' என்று இருந்தது. சீ 9 என்ற சின்னத் தரத்தில் தொடங்கி மேலே ஏறலாம். கேள்விப்பத்திரத்தோடு பிணை, வேலை கிடைத்தால் நிறைவேற்றுப் பிணை, ஒவ்வொரு பில்லிலும் ஒரு பங்கைப் பிடித்து வைத்துப் பொதுவாக ஒரு வருடம் கழித்துத்தான் முழுதாகத் தருவார்கள். பிணை எடுக்க வங்கி காணி உறுதியைக் கேட்கும், இல்லையென்றால் காசை வைப்பிலிடச் சொல்லும். அதோடு பில் எப்போது வரும் என்பது கொழும்பின் திறைசேரியைப் பொறுத்தது. சின்ன வேலைகள் பல கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கு நேரடியாகப் போகும். தனியாள் ஒருவருக்கு இதில் கால் வைக்க ஆழமான பை வேண்டும்.

வரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023 தையில் இருந்து, நிறுவனங்களுக்குச் செய்கிற சேவைக்கு மாதம் ஒரு இலட்சம் ரூபாய்க்கு மேல் கட்டணம் வந்தால் 5 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். அந்தப் பற்றுச்சீட்டைத் தொலைக்காதீர்கள், வருட வரிக்கணக்கில் கழிக்கலாம். ஊழியர் சேமலாப நிதி எங்களுக்கு இல்லை. சம்பளக்காரருக்கு முதலாளி 12 சதவீதமும் அவர் 8 சதவீதமும் போட்டுச் சேர்கிற காசை நாங்கள் மாதாமாதம் நாங்களாகவே ஒதுக்க வேண்டும். மழைக்காலத்துக்கும் அதிலேதான் ஒதுக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் அத்திவாரக் கிடங்கு கேணியாகிவிடும். ஆடியிலும் புரட்டாதியிலும் மார்கழியிலும் அத்திவாரக் கல் நாட்டமாட்டார்கள். வருடத்தில் புது வேலை தொடங்குகிற மாதங்களை விரல் விட்டு எண்ணலாம்.

போட்டிக்கோ

ஒரு காலை வேலையை மட்டும் கிட்ட நின்று காட்டுகிறேன். வீட்டின் முன்னால் கார் விட ஒரு போட்டிக்கோ. முன்பக்கம் தூண் வேண்டாம், அழகாக இருக்காது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். ஐந்தடி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிற சிலாப். இப்படியான சிலாப்பில் இழுவிசை மேற்பக்கத்தில் வரும், ஆகவே முக்கியக் கம்பி மேலே கிடக்க வேண்டும். அறைச் சிலாப்பில் கம்பி கீழே கிடக்கும். இருபது வருடம் அறைச் சிலாப் போட்ட கைக்கு, மேலே கம்பி என்பது இயல்பாக வராது.

முதல்நாள் மாலை கம்பி சரியாகக் கட்டி, அதைத் தாங்க முட்டுக்கம்பிகள் வைத்திருந்தோம். காலை ஏழு மணிக்கு மிக்சர் ஓடத் தொடங்கியது. எட்டரைக்கு நான் கலவையின் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கீழே நின்றேன். ஒரு பைக்கு 25 லீற்றர் சொல்லியிருந்தேன், கலவை இறுக்கமாக இருக்கிறது என்று மிக்சரில் நின்ற தம்பி இன்னொரு வாளி ஊற்றப் போனார். அந்த ஒரு வாளி பலத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொண்டுபோய்விடும். அதை நிறுத்திவிட்டு மேலே ஏறிப் பார்க்கிறேன், கொங்கிறீற் தாச்சி கொண்டுபோனவர்கள் அத்தனை பேரும் போட்டிக்கோக் கம்பியின் மேலேயே நடந்திருக்கிறார்கள். முட்டுக்கம்பி சாய்ந்து, மேல்கம்பி நாலு சென்ரிமீற்றர் இறங்கிக் கிடந்தது. ஐந்து அங்குலச் சிலாப்பில் நாலு சென்ரிமீற்றர் இறங்கினால் நீட்டிய பக்கத்தின் பலம் ஏறத்தாழ 40 சதவீதம் குறையும். முட்டுப் பலகை கழற்றுகிற அன்றைக்கே விழலாம், அல்லது பத்து வருடம் நின்று, கலியாண வீட்டுக்கு நாற்பது பேர் மேலே ஏறி நிற்கும்போது விழலாம்.

நிறுத்தச் சொன்னேன். மேசன் அண்ணைக்கு முகம் சிவந்தது. "தம்பி, கலவை இறுகப் போகுது." வீட்டுக்காரர் சூரிச்சிலிருந்து வீடியோக் கோலில் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்தது பதினாலு பேர் சும்மா நிற்கிறார்கள் என்பது மட்டும். ஏற்கெனவே விழுந்திருந்த கொங்கிறீற்றை மண்வெட்டியால் அள்ளி எடுத்து, கம்பியைத் தூக்கி, முட்டுக்கம்பியை இரட்டிப்பாக்கி, நடப்பதற்கு மேலே பலகைப் பாதை போட்டுத் திரும்பத் தொடங்கப் பத்தரை மணி. இரண்டு மணி நேரம், மூன்று மிக்சர் கலவை, பதினாலு பேரின் கூலி. அந்தச் செலவை எழுத எந்த பில்லிலும் இடம் இல்லை. குடிபூரலுக்கு அந்த வீட்டுக்காரர் வந்தபோது போட்டிக்கோவின் கீழே நின்று படம் எடுத்தார்கள். நானும் நின்றேன். மனம் நிறைந்திருந்தது.

கையெழுத்து

மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ கட்டட அனுமதி எடுக்காமல் கட்டத் தொடங்குவது சட்டத்துக்கு மாறு, முடிந்த பிறகு இணக்கச் சான்றிதழும் எடுக்க வேண்டும். பெரிய கட்டடங்களுக்குக் கட்டமைப்புப் பொறியியலாளரின் கையெழுத்து வேண்டும். 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க பொறியியல் பேரவைச் சட்டத்தின் கீழ் பதிந்தவர்தான் பொறியியல் தொழில் செய்யலாம். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தில் பட்டயம் பெற்றவருக்கு இதில் மேல்நிலை. தாளில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

நடைமுறையில் ஒரு கையெழுத்துச் சந்தை இருக்கிறது. வேறொருவர் கீறிய வரைபடத்தைக் கொண்டுவந்து, "சேர், ஒருக்கா சைன் மட்டும்" என்பார்கள். கட்டணம் கணக்குப் போடுவதற்கு வருவதைவிட அதிகமாகக்கூட இருக்கும். அந்தக் கையெழுத்துப் போட்டவர் காணியைப் பார்த்திருக்கமாட்டார். நான் அதை எடுப்பதில்லை. எடுக்கிற என் நண்பர்களிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறேன், எங்கள் எல்லோருடைய கணக்கின் பெறுமதியையும் நீங்கள்தான் குறைக்கிறீர்கள் என்று. கையெழுத்து இலவசமாகத் தெரிகிற ஊரில் கணக்குக்கு யார் காசு தருவார்?

பொறுப்பு எவ்வளவு காலம் என்று இளையவர்கள் கேட்பார்கள். 1871ஆம் ஆண்டுக் காலாவதிச் சட்டத்தின்படி எழுதிய ஒப்பந்தத்துக்கு 6 வருடம், வாய்ப்பேச்சுக்கு 3 வருடம் வழக்குப் போடலாம். கட்டடம் ஐம்பது வருடம் நிற்க வேண்டும். நடுவில் இருக்கிற நாற்பத்துச் சொச்ச வருடத்துக்குச் சட்டத்தில் ஆள் இல்லை. ஆகவே நான் ஒவ்வொரு வீட்டுக்கும் கம்பி மூடுவதற்கு முன் படம் எடுக்கிறேன், அளவுநாடாவை வைத்து. பாதம், தூண், பீம், சிலாப், எல்லாம். கணக்கையும் படங்களையும் அச்சடித்துக் காணி உறுதியோடு வைக்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் கொடுக்கிறேன். இருபது வருடம் கழித்து அவருடைய மகள் மேல்மாடி ஏற்ற நினைத்தால், அப்போது வருகிற எஞ்சினியர் பாதத்தைத் தோண்ட வேண்டி வராது.

கணக்கைப் போட்டவனே கட்டுகிற பிரச்சினைக்கு இன்னும் முழுத் தீர்வு எங்களிடம் இல்லை. போன வருடத்தில் இருந்து மூன்று பேர் சேர்ந்து ஒன்று செய்கிறோம். கொங்கிறீற் போடுவதற்கு முதல்நாள் ஒருவருடைய கம்பியை இன்னொருவர் போய்ப் பார்ப்பது. காசு இல்லை, ஒரு தேத்தண்ணி. பார்த்தவர் சரி என்று சொல்லாவிட்டால் மறுநாள் கொங்கிறீற் இல்லை. ஒருவர் பழைய பிரித்தானியக் கொங்கிறீற் விதித்தொகுப்பான பி.எஸ். 8110இல் கணக்குப் போடுகிறவர், மூத்தவர். மற்றவர் இளையவர், ஐரோப்பிய விதித்தொகுப்பான யூரோகோட்டில் படித்து வந்தவர். இரண்டு பேரும் அளவுநாடாவைப் பிடித்தால் ஒரே குறையைத்தான் காட்டுகிறார்கள். முதல் முறை என் வேலையில் வளையக் கம்பி ஓரிடத்தில் அகன்று போயிருந்ததைக் கண்டுபிடித்தவர் அந்த இளையவர். எனக்கு வெட்கமாக இருந்தது, அன்றிரவே சரிசெய்தோம். வீட்டுக்காரர்களுக்கும் இதைச் சொல்லிவிடுகிறோம், அவர்கள் யாரும் இதுவரை வேண்டாம் என்று சொல்லவில்லை. வாற சனிக்கிழமை கோண்டாவிலில் மூத்தவருடைய பாதக்கம்பியைப் பார்க்க நான் போகிறேன். அடுத்த கிழமை அவர் என்னுடைய சுன்னாகத்து சிலாப்புக்கு வருவார், காலை ஆறரைக்கே வந்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறார்.